வர்க்கப் பூர்த்தி முறை: விடுபட்ட மூலையை நிரப்புதல்

சென்னையில் வீட்டுமனையைக் கிரவுண்டுக் கணக்கில் பேசுவதே வழக்கம். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, அரை கிரவுண்டு 1200 சதுர அடி. அகலத்தைவிட நீளம் 10 அடி கூடுதலாக உள்ள ஓர் அரை கிரவுண்டு மனையின் அளவு என்ன என்று கேட்டால், மனை வாங்கி விற்பவர் யோசிக்காமல் முப்பதுக்கு நாற்பது என்று சொல்லிவிடுவார். அதே விடையை, இருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்க உதவும் வர்க்கப் பூர்த்தி முறையில் வரவழைப்போம். பாடநூலில் எக்ஸ் இருக்கும் இடத்தில், அகலத்தைக் குறிக்க அ என்று எழுதிக்கொண்டால் சமன்பாடு இதுதான்:

அ² + 10அ = 1200

இந்த மனையை ஒரு தாளில் வரைந்து, அதிலிருந்து அ பக்கமுள்ள சதுரத்தைத் தனியே வெட்டி எடுத்தால், 10 அடி அகலமுள்ள ஒரு பட்டை மிஞ்சும். அந்தப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, 5 அடித் துண்டு ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் மற்றொன்றை அடியிலும் ஒட்டுங்கள். பெரிய சதுரம் ஒன்று கிடைத்தது போலவே இருக்கும். ஆனால் கீழே வலது மூலையில் ஐந்துக்கு ஐந்து அளவில் ஓர் இடம் காலியாக இருக்கும். 'கெழுவில் பாதியை வர்க்கப்படுத்திக் கூட்டுக' என்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விதி இந்த மூலையைத்தான் சொல்கிறது (கெழு என்பது அ-வைப் பெருக்கும் எண், இங்கே 10). ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் 10 மடங்கும் சேர்ந்து 39 என்ற கணக்கை 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி விளக்கியதும் இப்படிப் படம் வரைந்துதான்.

மூலையை நிரப்ப இடப்புறம் 25 சேர்த்தால், வலப்புறமும் அதே 25ஐச் சேர்க்க வேண்டும்:

அ² + 10அ + 25 = 1225
(அ + 5)² = 35²
அ + 5 = ±35

ஆகவே அ = 30 அல்லது −40. மனையின் அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் −40ஐ இங்கே தள்ளிவிடலாம். வெறும் சமன்பாடாகக் கேட்டிருந்தாலோ அதுவும் ஒரு மூலமே (சமன்பாட்டின் தீர்வே), விட்டுவிடக் கூடாது.

உண்மையைச் சொன்னால், இந்தக் கணக்கைக் காரணிப்படுத்தியே முடித்துவிடலாம். காரணிகள் எளிதில் அகப்படாதபோதுதான் இம்முறையின் அருமை தெரியும். அ² − 6அ + 4 = 0 என்பதில் 4ஐ வலப்புறம் கொண்டுசென்று, இருபுறமும் 9ஐக் கூட்டினால் (அ − 3)² = 5 என்றாகும்; மூலங்கள் 3 + √5, 3 − √5.

அ²-இன் கெழு 1 ஆக இல்லாதபோதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். 2அ² − 7அ + 3 = 0 என்பதைப் பாடநூல் முறைப்படி 2ஆல் வகுத்தால் 7/2 வரும்; அதில் பாதி 7/4, அதன் வர்க்கம் 49/16. பாதியாக்கும் அவசரத்தில் 7/2ஐ மறுபடி 7 ஆக்கிவிடுவதும், வகுக்கும்போது 3ஐ மறந்துவிடுவதும் விடைத்தாள்களில் நான் அடிக்கடி பார்க்கும் பிழைகள். பின்னமே வராத வழி ஒன்றும் உண்டு. அது பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரருடையது என்று 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியர் குறித்திருக்கிறார். முதற்கெழுவின் நான்கு மடங்கால், அதாவது இங்கே 8ஆல், முழுச் சமன்பாட்டையும் பெருக்கி, நடுக்கெழுவின் வர்க்கத்தை இருபுறமும் கூட்ட வேண்டும்:

16அ² − 56அ = −24
16அ² − 56அ + 49 = 25
(4அ − 7)² = 25

4அ − 7 = ±5 என்பதால் அ = 3 அல்லது 1/2. தேர்வில் பாடநூல் முறையிலேயே எழுதுங்கள். விடை சரிதானா என்று ஓரத்தில் பார்த்துக்கொள்ள இது போதும்.

சில சமயம் வலப்புறம் குறை எண் வந்து நிற்கும். அ² + 4அ + 7 = 0 என்பது (அ + 2)² = −3 என்றாகிறது; எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண்ணாகாது என்பதால், மெய்யெண் மூலங்கள் இல்லை என்று எழுதி அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இனி ஒரு முழுக் கிரவுண்டு மனையை எடுத்துக்கொண்டு, நீளம் 20 அடி கூடுதல் என்று வைத்து நீங்களே செய்து பாருங்கள். அதில் விடுபடும் மூலை 100 சதுர அடி.