மலைநாட்டில் சைக்கிள் ஓடப் போகிறீர்களா? மாமிக்கான பதிலை முதலில் ஆயத்தம் செய்யுங்கள்

வெளிநாட்டில் இருக்கும் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து, யாழ்ப்பாணத்து ஊருக்குப் போகும் விடுமுறையிலேயே இலங்கை மலைநாட்டுக்கு மலைச் சைக்கிளையும் கொண்டுபோய் பீக்கோ டிரெயிலை ஓடுவது என்று முடிவெடுக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும் பாதை. 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். பாதையைப் பற்றி மாதக்கணக்காகக் கதைப்பார்கள். ஊரில் நிற்கும் நாட்களைப் பற்றியோ, சைக்கிளை விட்டுவிட்டுப் போ என்று மாமி கேட்டால் என்ன சொல்வது என்பதைப் பற்றியோ யாரும் கதைப்பதில்லை. குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்து மேற்குச் சரிவுகளை ஊறவைக்கும். அதே காலத்தில் ஊவாப் பக்கம், ஹப்புத்தளையிலிருந்து பதுளை வரை, பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையால் ஜூலை, ஓகஸ்டில்தான் போக முடியும் என்றால் முழுப்பாதை ஆசையை விட்டு ஊவாக் கட்டங்களை மட்டும் ஓடுங்கள். முழுவதையும் ஓடப் பெப்ரவரி, மார்ச் நல்லது. ஒக்ரோபர், நவம்பர் வேண்டாம். எந்த மாதமானாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையை ஒவ்வொரு மாலையும் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் பாதையைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் என்று திட்டம் போட்டால் இரண்டாம் நாளே அது பிழையாகிவிடும். ஏற்றத்தை மீற்றரில் கணக்கிடுங்கள். குழுவில் மெதுவானவர் ஒரு நாளில் 1,000 மீற்றர் ஏறுவார் என்றால் எல்லாருக்கும் அதுதான் அளவு. காலை 6 மணிக்குப் புறப்பட்டு பிற்பகல் 2 மணிக்குள் தங்குமிடம் சேருங்கள். பின்னேரத்தில் மூடுபனியும் இடிமழையும் வரும். வேகமானவர்கள் மலை உச்சியில் காத்திருப்பதில் பயனில்லை. தேயிலைக்குள் பாதை பிரியும் ஒவ்வொரு சந்தியிலும் நிற்க வேண்டும், ஆட்கள் தவறுவது அங்கேதான். வரைபடம் இரண்டு போன்களில் இணையமின்றித் திறக்கும்படி இருக்கட்டும். அடிபட்டால் 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

உதிரிப்பாகங்களை ஆளாளுக்குத் தனித்தனியாக யோசிக்காதீர்கள். முடிந்தால் எல்லாரும் ஒரே சில்லு அளவு, ஒரே வகைப் பிரேக் பாட் உள்ள சைக்கிள்களையே கொண்டுபோங்கள். ஒருவரின் உதிரி மற்றவருக்கு உதவும். ஆளுக்கு இரண்டு சோடி பாட். ஈரமணலில் ரெசின் பாட் சீக்கிரம் தேயும், உலோகப் பாட் கூட நாள் நிற்கும். லிப்டன் சீட் என்ற மலை உச்சியிலிருந்து தம்பேதென்ன வழியாக ஹப்புத்தளைக்கு இறங்கினால் 500 மீற்றருக்குக் குறையாத இறக்கம், வழி முழுக்க ஓட்டோவும் கொழுந்துக்காரரும். பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே இறங்காமல் விட்டுவிட்டு அழுத்துங்கள். டிரெயிலியர் ஹாங்கர், அதாவது பின் கியர் மாற்றியைச் சட்டத்தில் பூட்டும் சிறு துண்டு, ஒவ்வொரு சட்டத்துக்கும் வேறு வேறானது, ஆளுக்கொன்று கட்டாயம். 12 கியர் செயினுக்கான இணைப்பு இரண்டு, ஆளுக்கொரு ரியூப், கைப்பம். மெல்லிய வால்வுக்குப் பூட்டும் பித்தளை அடப்டர் ஒன்றும் எடுங்கள், அது இருந்தால் பெற்றோல் செட்டில் காற்றடிக்கலாம்.

விமானத்துக்குக் கட்டும்போது இரண்டு பெடலையும் பின்சில்லுப் பக்கமாகச் சுற்றினால்தான் கழரும். இடப்பக்கத்துப் புரி எதிர்மாறானது. டிஸ்க்கைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், பிரேக் பாட்டுக்கு நடுவில் பிளாஸ்ரிக் துண்டு வையுங்கள். மின்சைக்கிள் பற்றரி பெரும்பாலும் 160 வாட்-மணிக்கு மேற்பட்டது, அப்படியானதைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள்.

இனி மாமி.

பெட்டியைப் பிரித்துச் சைக்கிளைப் பூட்டுகிற அன்றைக்கே கேள்வி வரும். "தம்பி, திரும்பிப் போகேக்க இதை இஞ்ச விட்டிட்டுப் போவன். மச்சானுக்குக் கம்பஸுக்குப் போக உதவும்." அதற்கு "பாப்பம் மாமி" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊரில் "பாப்பம்" என்றால் "ஓம்". கடைசி நாளில் பெட்டியைக் கட்டும்போது அந்த வீட்டில் யாரும் உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள்.

விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். ரியூப் இல்லாத ரயருக்குள் ஓட்டை அடைக்க ஊற்றிய பால் போன்ற திரவம் யாழ்ப்பாண வெயிலில் சில மாதங்களில் காய்ந்து ரயர் இறங்கும். ஒழுங்கைக் கடையின் பம் அந்த வால்வில் பூட்டாது. எண்ணெய்ப் பிரேக்கில் காற்றுப் புகுந்தால் எடுக்கத் தனிக் கருவி வேண்டும். மினரல் எண்ணெய் ஊற்ற வேண்டியதில் டொட் என்ற வேறு வகைப் பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளே ரப்பர் முழுதும் கெடும். கரியர் இல்லை, மட்காட் இல்லை, ஸ்ராண்ட் இல்லை. ஒரு மூட்டை அரிசிகூட வைக்க முடியாது. அடுத்த முறை போகும்போது அது கிணற்றடிச் சுவரில் சாய்ந்து கறள் பிடித்து நிற்கும். சுங்கத்தில் திரும்பக் கொண்டுபோவதாக எழுதிக்கொடுத்து இறக்கியிருந்தால் விட்டுவிட்டு வரவும் முடியாது. வாங்கிய பற்றுச்சீட்டையும் சட்ட இலக்கத்தின் படத்தையும் கையில் வைத்திருங்கள்.

அதற்காக மாமியை ஆசைக்காரி என்று நினைக்காதீர்கள். 1990 க்குப் பிறகு போரால் மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிளை நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட வீடு அது. 1995 ஒக்ரோபர் 30 இல் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தபோது கிழவிகளையும் குழந்தைகளையும் கரியரில் வைத்து உருட்டியவர்கள். நீங்கள்தான் போய்விட்டீர்கள், சைக்கிளாவது நிற்கட்டும் என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதற்கு வால்வையும் பிரேக்கையும் விளங்கப்படுத்துவது பதிலாகாது.

செய்ய வேண்டியது இது. போய் இறங்கிய முதல் வாரத்திலேயே, உங்கள் பெட்டியைப் பிரிக்குமுன், மச்சானைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போய், கரியரும் ஸ்ராண்டும் லைற்றும் பூட்டிய லுமாலா சைக்கிள் ஒன்றை அவன் பேரில் வாங்குங்கள். எந்தக் கடையிலும் திருத்தலாம். காசாகக் கொடுக்காதீர்கள், அது வேறு செலவுக்குப் போய், சைக்கிள் கதை திரும்ப எழும்பும்.

நாட்களின் ஒழுங்கும் அப்படியே. உறவு முதலில், மலை பிறகு. மலையை முன்னுக்கு வைத்தால் "உதுக்கெல்லாம் நேரம் இருக்குது" என்ற சொல் மிச்ச விடுமுறை முழுக்கத் தொடரும். நல்லூர்த் திருவிழா 25 நாள். 24 ஆம் நாள் தேர். தேருக்கு நில்லாமல் வெளிக்கிடத் திட்டம் போட வேண்டாம். சவாரி முடிந்த பிறகு விமானத்துக்கு இரண்டு நாள் வெறுமையாக விடுங்கள்.

மலையில் நீங்கள் ஓடும் பாதைகளில் பல தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமானவை. அலுவலகத்தில் கேட்டுவிட்டு நுழையுங்கள். தொழிலாளர் வேலைக்குக் கூடும் காலைப் பெரட்டு நேரத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் இறங்கி உருட்டுங்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் வாசல்தான் அங்கே பிள்ளைகளின் விளையாட்டிடம். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் அவர்கள், பேசுவது நம் மொழி, நாம் ஒரு நாளும் உறவென்று போய்ப் பார்த்ததில்லை. நம் வீடுகளில் அவர்களை இழிவாகக் குறிக்கப் புழங்கிய "தோட்டக்காட்டார்" என்ற சொல் தவறியும் வாயில் வரக்கூடாது.

திரும்பும்போது ரயர்ப் பற்களுக்குள்ளும் பெடலுக்குள்ளும் இருக்கும் மண்ணைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துக் கழுவிக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்கள் படிவத்தில் சைக்கிளைக் குறிப்பிட வேண்டும்; மண் ஒட்டியிருந்தால் அங்கே மறித்துவிடுவார்கள்.