கொழும்பு செமினார் கொம்பனியில் முதல் வேலை: சேர முன்னும் சேர்ந்த பின்னும்

வங்கிகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் காப்புறுதிக் கொம்பனிகளுக்கும் ஊழியர் பயிற்சி நடத்திக் கொடுக்கும் நிறுவனங்கள் கொழும்பில் நிறைய உண்டு. இவர்கள் அடிக்கடி ஆள் எடுப்பார்கள், ஆட்களும் அடிக்கடி விட்டுப் போவார்கள். விட்டுப் போனவர்களோடு கதைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே குறைதான். மைக் பிடித்துப் பேசலாம் என்று வந்தவர் கையில் போனைக் கொடுத்து பயிற்சி நிகழ்ச்சிக்கு சீட் விற்கச் சொல்லியிருப்பார்கள். அதனால் சேர முன்னமே சில விஷயங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது.

படி 1: எந்தக் கதிரை என்று கேளுங்கள்

இந்தக் கொம்பனிகளில் மூன்று விதமான வேலை இருக்கிறது: விற்பவர், ஒழுங்கு செய்பவர், பயிற்றுவிப்பவர். பயிற்றுவிப்பவர் பெரும்பாலும் வெளியாள், நாள் கணக்கில் பணம் வாங்கிப் போகிறவர். மாதச் சம்பளத்துக்கு எடுப்பது மற்ற இரண்டுக்கும்தான். விளம்பரத்தில் 'ட்ரெயினிங் எக்ஸிகியூட்டிவ்' என்று இருந்தால் நேர்முகத்தில் நேரே கேளுங்கள்: "முதல் மாதம் எனக்கு டார்கெட் இருக்குமா, சேர்?" பதில் சுற்றி வளைந்து வந்தால், டார்கெட் இருக்கிறது.

கொம்பனி எப்படிச் சம்பாதிக்கிறது என்று தெரிந்தால் அங்குள்ள பதற்றமும் விளங்கும். வசதிக்காக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சீட் 16,000 ரூபா. ஹோட்டல் மண்டபமும் பகல் சாப்பாடும் ஆளுக்கு 6,000. பயிற்றுவிப்பவருக்கு 75,000, அச்சிடலும் மற்றச் செலவும் 25,000. ஒரு சீட்டில் மிஞ்சுவது 10,000 என்பதால் முதல் பத்துப் பேரின் பணம் செலவுக்கே போய்விடும், பதினோராவது ஆளில்தான் இலாபம் தொடங்கும். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்கு புதன்கிழமை வரை எட்டுப் பேர்தான் என்றால் ஒஃபிஸில் யாரும் யாரோடும் நல்லாகக் கதைக்க மாட்டார்கள்.

படி 2: இருந்தவர்களிடம் விசாரியுங்கள்

லிங்க்ட்இனில் கொம்பனியின் பெயரைத் தேடி, அங்கே வேலை செய்தவர்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று பாருங்கள். ஒருவர் நான்கு மாதத்தில் போனால் அது அவர் கதை, வரிசையாக எல்லோரும் அப்படிப் போயிருந்தால் அது கொம்பனியின் கதை. அப்புறம் இரண்டு மூன்று பேருக்கு மரியாதையாக எழுதிக் கேளுங்கள். "அண்ணா, அங்கே வேலை எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார், அதோடு முடிந்தது. "கடைசி கொமிஷன் எத்தனை மாதம் கழித்து வந்தது?", "சனிக்கிழமை நிகழ்ச்சிக்குப் பதில் லீவு தந்தார்களா?" என்று கேட்டால் கணக்கோடு பதில் வரும்.

கோபத்தில் இருப்பவர் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்துச் சம்பாத்தியத்தைச் சொல்கிறார்கள் என்றும் பாருங்கள். இங்கே பல கொம்பனிகளுக்கு நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஒதுக்கிய பயிற்சிப் பணம் மீந்துபோய்விடக் கூடாது என்று பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அவசரமாகச் செலவழிப்பார்கள். ஏப்ரலில் புத்தாண்டு, ஊரே அடங்கிவிடும். மார்ச் கொமிஷனைக் காட்டி ஆள் பிடிக்கும் இடத்தில் ஏப்ரல், மே எப்படி என்று கேட்பது தப்பில்லை.

படி 3: நியமனக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள்

"இப்பவே சைன் பண்ணுங்க" என்றால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். தராத இடம் எப்படிப்பட்டது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் அடிப்படைச் சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், கொம்பனி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கொம்பனி மட்டும் 3 வீதம். 60,000 ரூபா அடிப்படை என்றால் உங்களிடம் கழிவது 4,800, கொம்பனி போடுவது 7,200, அதோடு 1,800. அடிப்படையை 30,000 ஆக்கி மீதியைப் போக்குவரத்துப் படி என்று எழுதினால் கைக்கு வருவது குறையாது, கழிவு குறைவதால் கொஞ்சம் கூடவும் செய்யும், ஆனால் சேமிப்பு பாதியாகிவிடும். தகுதிகாண் காலத்தில் சேமலாப நிதி இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். முதல் நாளிலிருந்தே உண்டு.

அடுத்தது கொமிஷன். அது எப்போது உங்களுடையதாகிறது: வாடிக்கையாளர் சம்மதித்தபோதா, பில் போனபோதா, காசு வந்தபோதா? பெரிய கொம்பனிகள் பில்லுக்குக் காசு தர இரண்டு மாதம்கூட எடுக்கும். அதற்குள் நீங்கள் விலகினால் என்ன என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பயிற்சி கொடுத்தோம், இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று பொண்ட் இருந்தால் தொகையைப் பாருங்கள். மூலச் சான்றிதழ்களை ஒருபோதும் ஒப்படைக்க வேண்டாம், பிரதி போதும்.

படி 4: நிகழ்ச்சி நாள்

எட்டரைக்குத் தொடக்கம் என்றால் நீங்கள் ஆறரைக்கு மண்டபத்தில். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி ஹோட்டல்களுக்கு 100 அல்லது 101 பஸ் போதும், ஆனால் கையில் பயிற்சிப் புத்தகப் பெட்டி இருந்தால் த்ரீவீலருக்குக் கொம்பனி காசு தருமா என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள்.

போனதும் மேசைகளைப் பாருங்கள். குழு வேலை இருக்கும் பயிற்சிக்குச் சினிமாக் கொட்டகை மாதிரி கதிரை அடுக்கியிருப்பார்கள், மாற்ற வேண்டி வரும். புரொஜெக்டரைப் பயிற்றுவிப்பவரின் லப்டொப்பில் போட்டுப் பார்க்க வேண்டும், ஹோட்டல் லப்டொப்பில் வேலை செய்தது கணக்கில் வராது. மரக்கறிச் சாப்பாடு எத்தனை, ஹலால் சமையலா என்பதை முந்தின நாளே உறுதிசெய்யுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் பகல் இடைவேளை ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வரும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும். போயா (பௌர்ணமி) விடுமுறை நாளில் திகதி போட்டுவிட்டு முழிக்கும் கொம்பனிகளும் இருக்கின்றன, கலண்டரை நீங்களே பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட வரவுப் பட்டியலில் கவனம் வையுங்கள். வந்த ஒவ்வொருவரின் கையெழுத்தும், பகலுக்குப் பிறகு இன்னொரு கையெழுத்தும். வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு பில்லோடு அந்தத் தாளைக் கேட்கும். அது இல்லாவிட்டால் பில் தேங்கும், பில் தேங்கினால் உங்கள் கொமிஷனும் தேங்கும்.

மாலையில் கருத்துப் படிவம் சேர்ப்பீர்கள். அமெரிக்கரான டொனால்ட் கேர்க்பெட்ரிக் 1959இல் பயிற்சியை நான்கு மட்டத்தில் அளக்கும் முறையை எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. படிவம் அளப்பது முதலாவதை மட்டும். பஃபே நல்லாக இருந்தாலே புள்ளி ஏறும். மூன்று மாதம் கழித்து அதே வாடிக்கையாளருக்குப் போன் எடுத்து மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். அப்படிக் கேட்பவர் குறைவு என்பதால் அடுத்த ஓடரும் உங்களுக்கே வர வாய்ப்பு அதிகம்.

படி 5: உங்கள் தமிழுக்கு விலை போடுங்கள்

ஹட்டன் பக்கத் தோட்டங்களுக்கோ யாழ்ப்பாணக் கிளைகளுக்கோ நிகழ்ச்சி வந்தால் "இந்த ஸ்லைடைக் கொஞ்சம் தமிழாக்கித் தாங்களேன்" என்று இரவு ஒன்பது மணிக்கு மெசேஜ் வரும். முதல் தடவை செய்து கொடுக்கலாம். இரண்டாவது தடவை, "செய்கிறேன் சேர், இது என் வேலைப் பட்டியலில் இல்லை, பக்கத்துக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்வோமா?" என்று எழுதுங்கள். காசு தராவிட்டால் வேறொன்று கேளுங்கள்: அந்த நிகழ்ச்சியில் ஒரு மணிநேரப் பகுதியை நீங்களே நடத்துவது. மும்மொழியில் பேசக்கூடியவர் மேடை ஏற இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

படி 6: நேரத்தையும் காசையும் எழுதி வையுங்கள்

கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி. அதற்கு மேல் மணிக்கு ஒன்றரை மடங்கு. எக்ஸிகியூட்டிவ் பதவி என்று சொல்லி மேலதிக நேரத்தை மறுப்பார்கள், அதையும் சேர முன்னமே கேட்பது நல்லது. எப்படியானாலும் வந்த நேரம், போன நேரம், விற்ற சீட், பில் இலக்கம் எல்லாம் உங்கள் சொந்தக் கொப்பியில் இருக்கட்டும். விலகும் நாளில் ஒஃபிஸ் கணினி உங்களுக்குத் திறக்காது.

விலகும்போது வர வேண்டிய கொமிஷனைப் பட்டியலிட்டு மின்னஞ்சலில் அனுப்புங்கள், சேவைக் கடிதமும் சேமலாப நிதி இலக்கமும் வாங்குங்கள். ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடையையும் கேளுங்கள். சேமலாப நிதி கட்டாமல் விட்டிருந்தால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். தமிழிலேயே எழுதலாம். சம்பளச் சீட்டுகளின் பிரதியைக் கையோடு எடுத்துப் போங்கள்.