மலையகப் பிள்ளைகளின் சொல்வளத்தைப் பெருக்குவது எப்படி?

நகரம், குடிபெயர்வு, பயிர்ச்செய்கை ஆகியவற்றுக்குரிய சொற்களை ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்பும் ஆசிரியரும் பெற்றோரும், நீண்ட சொற்பட்டியலை மனனம் செய்விப்பதை முதலில் நிறுத்திவிடலாம். பட்டியலில் பெரும்பாலும் பெயர்ச்சொற்களே இருக்கும். பிள்ளை வாக்கியம் எழுதத் தடுமாறுவதோ வினைச்சொல் கிடைக்காமல்தான். எனவே ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய வினையோடு சேர்த்தே பதிய வைக்க வேண்டும்.

லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, அருகிலுள்ள மரக்கறிப் பாத்தியில் தொடங்குவது எளிது. கரட் விதையை நேரே பாத்தியில் விதைக்கிறோம். கோவாவையும் லீக்ஸையும் நாற்றுமேடையில் வளர்த்து, பின்னர் பிடுங்கி நடுகிறோம். உருளைக்கிழங்குக்கு முளைவிட்ட விதைக்கிழங்கை ஊன்றி, செடி உயர்ந்ததும் மண் அணைக்கிறோம். விளைந்த பின்னரும் வினைகள் வேறுபடுகின்றன. கரட்டைப் பிடுங்குகிறோம், உருளைக்கிழங்கைக் கிண்டுகிறோம், கோவாவை வெட்டுகிறோம், போஞ்சியை ஆய்கிறோம், தேயிலையில் கொழுந்து எடுக்கிறோம். இவை அனைத்துக்கும் ‘அறுவடை செய்தனர்’ என்று எழுதும் பிள்ளை பிழை விடவில்லை. ஆயினும் பயிரைப் பாராமலே எழுதியிருக்கிறது. ஒரு தாளை மூன்று நிரல்களாகப் பிரித்து, பயிரின் பெயர், நடும்போது செய்வது, பறிக்கும்போது செய்வது என எழுதச் சொல்லுங்கள். வெற்றிடங்களைப் புத்தகத்தைப் பார்த்து நிரப்பாமல், மம்பட்டி பிடிப்பவரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். தேயிலை மலையில் வேலை செய்யும் அம்மாவிடமோ அப்பாயியிடமோ கேட்டால் கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிக் கத்தரித்தல்), முள்ளுக்குத்து (முள்ளால் மண்ணைக் குத்திக் கிளறுதல்), கான் வெட்டு எனப் புதிய வரிசையே கிடைக்கும். அவற்றைக் கொச்சை என்று சிவப்பு மையால் அடித்துவிட வேண்டாம். ‘கான்’ என்பதன் அருகில் ‘வடிகால்’ என்று எழுதி, முன்னது பேச்சுக்கும் கதைக்கும், பின்னது விண்ணப்பத்துக்கும் அறிக்கைக்கும் பொருந்தும் என்று காட்டினால் போதுமானது.

குடிபெயர்வுச் சொற்களில் இன்னும் கூடிய கவனம் தேவை. ஏனெனில் அகராதியில் அவை ஒன்றுபோலத் தோன்றினாலும் நம் குடும்பங்களின் வரலாற்றில் ஒன்றல்ல. கோப்பித் தோட்டக் காலம் முதல் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் இம்மலைகளில் குடியேறினார்கள்: முதல் வினை விட்டுவந்த ஊரிலிருந்தும், இரண்டாவது வந்துசேர்ந்த இடத்திலிருந்தும் பார்க்கிறது. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டபோது உயிர்தப்பியவர்கள் இடம்பெயர்ந்தார்கள்; அதாவது நாட்டுக்குள்ளேயே இருப்பிடத்தை இழந்து வேறிடம் சென்றார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்கவும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. அதன்படி சென்று தமிழ்நாட்டின் நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியிலும் கூடலூரிலும் வாழ்ந்தோரைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று ஆவணங்கள் குறித்தன. இங்கேயே பிறந்து இந்தியாவைப் பார்த்திராத ஒருவரைத் ‘திரும்பினார்’ என்பதா, ‘அனுப்பப்பட்டார்’ என்பதா என்று வகுப்பில் கேளுங்கள். அந்தக் கேள்வி ஒரு பாடவேளை முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் நட்டமில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோர் ஓர் அடிகூட நகரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால், பெயர்தலைக் குறிக்கும் எந்த வினையும் அவர்களுக்குப் பொருந்தாததைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

நகரச் சொற்களுக்கு இத்தனை நேரம் வேண்டியதில்லை. ஹட்டன், பண்டாரவளை போன்ற ஒரு நகரில் பஸ் நிலையத்திலிருந்து தபாலகம்வரை செல்லும் வழியை, ஊருக்குப் புதியவர் ஒருவருக்குச் சொல்வதுபோல் எழுதச் செய்யலாம். சந்தி, முடக்கு, ஏற்றம், இறக்கம், படிக்கட்டு, கடைவீதி ஆகியவற்றோடு திரும்புதல், கடந்து செல்லுதல், ஒட்டிச் செல்லுதல் ஆகிய வினைகளும் தாமாகவே வந்துவிடும். கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோ அக்காவோ விடுமுறையில் வந்தால் தொடர்மாடி, ஒழுங்கை, முற்பணம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைப் பற்றி விசாரித்து எழுதலாம்.

சேர்த்த சொற்கள் நிலைத்துள்ளனவா என்று பார்க்க, ஒரு வாரம் கழித்து வினைகளை மட்டும் கரும்பலகையில் எழுதி, அவற்றுக்குரிய பெயர்களைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். ‘அணைத்தல்’ என்றதும் மண் நினைவுக்கு வராவிட்டால், மறுபடி பாத்திக்கு அழைத்துச் செல்வதே சரி. அந்தச் சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வதால் பயனில்லை.