கைட்போர்டிங்: மதுரையிலிருந்து கிளம்புபவர்கள் செய்யும் தவறுகள்

வைகாசி முடிந்து காற்று வலுத்ததும் மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் கூட்டத்தில் இப்போது கைட்போர்டிங் ஆசையோடு வருபவர்களும் உண்டு. கைட் என்கிற பெரிய பட்டம் இழுக்க, காலில் போர்டோடு கடல்மேல் சறுக்கும் விளையாட்டு இது. சுமார் 170 கிலோமீட்டர்தான், விடியுமுன் கிளம்பினால் காலைச் சாப்பாட்டுக்கு மண்டபம் போய்விடலாம். வருகிறவர்களைப் பார்த்தால், நாங்கள் பழகிய காலத்தில் அடித்த அதே கூத்தை அப்படியே அடிக்கிறார்கள். தொப்பி எடுத்து வா, தண்ணீர் குடி, நீச்சல் தெரியாமல் இறங்காதே என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றதைப் பார்ப்போம்.

கற்றுக்கொள்ளும் முன்பே கைட் வாங்குவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. போன ஆடியில் கே.கே. நகர்த் தம்பி ஒருவர் டிக்கி நிறையச் சாமானோடு வந்து இறங்கினார். பாடம் ஒரு மணி நேரம்கூட எடுத்ததில்லை. ஆன்லைன் விளம்பரத்தைப் பார்த்து 14 சதுர மீட்டர் கைட் ஒன்றை வாங்கியிருந்தார். "ரெண்டு தடவைதாண்ணே யூஸ் பண்ணிருக்காங்க. நம்ம வெயிட்டுக்குப் பதினாலுதான் சரின்னு சொன்னாங்கண்ணே." பையைத் திறந்தால் 2004-ஆம் வருடத்து மாடல்.

விற்றவர் சொன்னது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. 80 கிலோ ஆளுக்கு 12 நாட் காற்றில் 14 மீட்டர் பொருந்தும். ஆனால் ஆடியில் பாம்பன் பக்கம் காற்று 20 நாட்டைச் சர்வசாதாரணமாகத் தொடும், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். 12 நாட் 20 நாட் ஆகும்போதே இழுவை ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்தக் காற்றில் அதே ஆளுக்கு 9 அல்லது 10 மீட்டர் போதும். ஆள் எடையை மட்டும் கேட்டு அளவு சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். எந்த மாதம், எந்தக் கடல், எத்தனை நாட் காற்று என்று கேட்காமல் அளவு சொல்லவே முடியாது.

அடுத்தது கைட்டின் வயது. 2005 வாக்கில்தான் வில் வடிவக் கைட்டுகள் கடைக்கு வந்தன. அவற்றில் பாரை, அதாவது கைட்டை ஓட்டக் கையில் பிடிக்கும் கம்பை, முன்னால் தள்ளிவிட்டால் இழுவை பெருமளவு செத்துவிடும். அதற்கு முந்தைய சி வடிவக் கைட்டில் அந்த வசதி மிகக் குறைவு. தண்ணீரில் விழுந்தால் திரும்பக் கிளப்புவதும் பெரிய பாடு. கைதேர்ந்தவர்கள் அதையும் விரும்பி ஓட்டுவார்கள், அது வேறு விஷயம். முதல் நாள் வருபவர் கையில் அது இருக்கக் கூடாது.

சரி, கதைக்கு வருவோம். தம்பி பம்பை எடுத்து முன்விளிம்புக் குழாயில் காற்றடித்தார். பாதி நிரம்புவதற்குள் வால்வு பசை விட்டுக் கையோடு வந்துவிட்டது. குழாய்க்குள் இருக்கும் காற்றுப் பையான பிளாடரில் வால்வு பசையால்தான் ஒட்டியிருக்கும். சூடு பட்டால் பசை இளகும். மதுரை வெயிலில் மூடிய காருக்குள்ளோ மொட்டை மாடி அறையிலோ ஒரு கோடை முழுக்கக் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாரும் வேறு கம்பெனி. கைட்டையும் பாரையும் இணைக்கும் நான்கு லைனையும் ஒரு கம்பத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தோம், இடப்பக்க லைன் ஒரு சாண் குட்டை. அது மேலே போயிருந்தால் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழுந்திருக்கும். பறக்காமல் போனதே அவர் அதிர்ஷ்டம்.

அப்புறம் அவர் ஒரு பள்ளியில் பணம் கட்டித்தான் கற்றுக்கொண்டார், அவர்கள் கைட்டிலேயே. எங்கும் அதுதான் வழக்கம்: பாடத்துக்குக் கட்டும் பணத்தில் கைட், போர்டு, பார் எல்லாம் அடங்கிவிடும். அடிப்படைக்கு எட்டுப் பத்து மணி நேரமாவது பிடிக்கும். அந்த நேரத்தில் பல அளவுகளைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், உங்களுக்கு எது சரிவரும் என்று கைக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வாங்கலாம். புதிதாகக் கைட்டும் பாரும் ஒரு லட்சத்தைத் தாராளமாகத் தாண்டும் என்பதால் பழையதைத் தேடுவதில் தப்பே இல்லை. ஆனால் காற்றடித்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள், காலையிலும் விறைப்பாக இருக்க வேண்டும். துணியை வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். கசக்கினால் புதுக் காகிதம்போல் சலசலக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் வேண்டாம். அவசரத்துக்குக் கைட்டைக் கழற்றிவிடும் ரிலீஸை இழுத்துப் பாருங்கள். உப்பும் மணலும் ஏறி இறுகியிருந்தால் பேரமே பேசாதீர்கள்.

முதலில் எதையாவது வாங்கியே தீர வேண்டும் என்று கை அரித்தால் ஹெல்மெட், தண்ணீருக்குள் போடும் ஷூ, கைட்டின் இழுவையை உடம்பில் தாங்கும் பட்டையான ஹார்னஸில் உட்காரும் வகை வாங்குங்கள். இடுப்பு ஹார்னஸ் புதியவர்களுக்கு நெஞ்சு வரை ஏறிவரும். போர்டு 75 கிலோ ஆளுக்கு 140 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கட்டும். சின்ன போர்டு பார்க்க அழகு, எழுந்து நிற்க உதவாது.

அமைதியான தண்ணீரை நம்புவது

ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. ராமேஸ்வரம், மண்டபம் பகுதியின் வடகரை பாக் விரிகுடாப் பக்கம். அங்கே அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால்தான் அரியமான் மாதிரிக் கரைகளில் அந்த மாதங்களில் தண்ணீர் குளமாகக் கிடக்கிறது. புதியவர்கள் அதைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். சவுக்குத் தோப்பைத் தாண்டி வரும் காற்று கரையோரம் விட்டுவிட்டு வீசும், நூறு மீட்டர் உள்ளே போனால் முழு பலத்தோடு பிடித்துத் தள்ளும். போர்டைத் தவறவிட்டால் கரை திரும்ப வழியில்லை. இலங்கைக் கடல் எல்லை எவ்வளவு பக்கம் என்று மீனவர்களைக் கேளுங்கள்.

கரைக்குச் சாய்வாக, கடலிலிருந்து நிலத்தை நோக்கி வரும் காற்றே புதியவர்களுக்கு ஏற்றது. விழுந்தாலும் கரையில் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே சீசன் மாறினால் கரையும் மாறும்: ஆடியில் ஒரு பக்கம், மார்கழி, தையில் வாடைக்காற்று அடிக்கும்போது எதிர்ப்பக்கம். பள்ளிக்காரர்கள் மீட்புப் படகோடு நின்று நிலக்காற்றில் சொல்லிக்கொடுப்பது வேறு, நீங்கள் நண்பனோடு வந்து இறங்குவது வேறு. போனில் வரும் காற்றுக் கணிப்பைப் பார்த்தாலும், கரையில் வலை காயப்போடுபவரிடம் "இன்னிக்குக் கச்சானா?" (மேற்கத்திக் காற்றா) என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏப்ரல் லீவில் வருவது

காற்றை நம்ப முடியாது.

அக்டோபர், நவம்பரில் வருவது

மழை, தாழ்வு மண்டலம். வேண்டாம்.

பெரிய கைட்டை மதுரையில் பறக்கவிட்டுப் பழகுவது

மின்கம்பி, கட்டடங்களில் முட்டிச் சுழலும் காற்று, அவனியாபுரம் பக்கமானால் விமான நிலையம். 2 அல்லது 3 சதுர மீட்டர் ட்ரெய்னர் கைட் என்றால் கம்பியில்லாத பெரிய பொட்டலில் பழகலாம். அதற்கு மேல் தரையில் வேண்டாம்.

மணப்பாடு அலைக்கு முதல் வாரமே போவது

போகலாம், அடுத்த வருடம்.

செல்ஃப் ரெஸ்க்யூவைத் தள்ளிப்போடுவது

எழுந்து நின்று போட்டோ எடுக்கும் அவசரத்தில் இந்தப் பாடத்தைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். ஆழத்தில் ரிலீஸை இழுத்துக் கைட்டின் இழுவையைக் கொன்று, லைனைப் பாரில் சுற்றி, கைட்டையே தெப்பமாகப் பிடித்துக் கரை சேரும் வேலை. சுற்றும்போது தளர்ந்த லைன் விரலில் சிக்கினால் அறுத்துவிடும். நெஞ்சளவு தண்ணீரில் பலமுறை செய்து பார்க்காமல் ஆழத்துக்குப் போக வேண்டாம். சொல்லித்தராமல் போர்டைக் கையில் கொடுக்கும் பயிற்சியாளரை மாற்றிவிடுங்கள்.

கடலில் வேறு ஆள் இல்லை என்று நினைப்பது

பாக் விரிகுடாப் பக்கம் மூங்கில் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். வெயில் மின்னும் தண்ணீரில் மிதவை தூரத்திலிருந்து கண்ணில் படாது. அதன்மேல் கைட்டோ போர்டோ விழுந்தால் அவர்கள் பல வார உழைப்பு போச்சு, உங்கள் லைனும் கயிற்றில் மாட்டிக்கொள்ளும். தெற்கே மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் தேசியப் பூங்கா, அங்கே அனுமதியில்லாமல் கரையேறக் கூடாது. இறங்குமுன் மிதவை எங்கே, கரைவலை எங்கே இழுக்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் பக்கம் போகாமல் ஓட்டுங்கள். எதையாவது சேதப்படுத்திவிட்டால் கைட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடாமல் போய்ப் பேசிப் பணம் கொடுங்கள். அடுத்த வாரம் அதே கரைக்குத்தானே வரப்போகிறீர்கள்?