பிளஸ் டூவில் 374 மார்க்: செங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரி தேடுவது எப்படி?

600-க்கு 350, 380 என்று வாங்கிய பிள்ளை இருக்கும் வீட்டில், ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே இரண்டு பேச்சு கிளம்பிவிடும். "இந்த மார்க்குக்கு யாரு சீட்டு தருவா?" என்பது ஒன்று. "புளியரை தாண்டினா கேரளா, புனலூர்லயோ கொல்லத்துலயோ போட்டுடலாம்" என்பது இன்னொன்று. இரண்டில் எதையும் முடிவாக எடுத்துக்கொள்ளும் முன் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. அவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே தருகிறோம். செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். கம்பம், பொள்ளாச்சி, மார்த்தாண்டம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஊர்ப் பெயர்களும் கல்லூரிப் பெயர்களும்தான் மாறும்.

படி 1: மொத்தத்தை விடுங்கள், பாடம் பாடமாக எழுதுங்கள்

ஒரு பேப்பரை எடுத்து ஆறு பாட மார்க்கையும் தனித்தனியாக எழுதுங்கள். மாதிரிக்கு ஒரு பிள்ளை: தமிழ் 84, ஆங்கிலம் 51, இயற்பியல் 58, வேதியியல் 64, கணிதம் 62, உயிரியல் 55. மொத்தம் 374.

எந்தக் கல்லூரியும் இந்த 374-ஐ அப்படியே பார்ப்பதில்லை. ஒவ்வொரு வழிக்கும் கணக்கு வேறு.

அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ. தமிழ் கேட்டால், தமிழ்ப் பாட மார்க்கை வைத்துத்தான் ரேங்க் போடுவார்கள். அங்கே இந்தப் பிள்ளை 100-க்கு 84. பி.ஏ. ஆங்கிலம் கேட்டால் 51 மட்டும்தான் கணக்கு. பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. பொருளியல் போன்ற மற்ற பாடப்பிரிவுகளுக்கு மொழிப் பாடம் இரண்டையும் தள்ளிவிட்டு நான்கு பாடத்தைக் கூட்டுவார்கள்: 58+64+62+55, அதாவது 400-க்கு 239.

இன்ஜினியரிங்குக்குக் கட் ஆஃப் 200-க்கு. கணிதம் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக: 62+29+32 = 123. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துக் குறைந்தது 45 சதவீதமும், ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. இந்தப் பிள்ளைக்கு 59 சதவீதம் வருகிறது. விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. ஆனால் அரசு இடத்துக்குப் போட்டி கடுமை என்பதையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

ஒரே மார்க் ஷீட்தான். தமிழில் நல்ல இடம், ஆங்கிலத்தில் பின்தங்கிய இடம், இன்ஜினியரிங்கில் நடுத்தரம். "என் மார்க்குக்கு என்ன கிடைக்கும்" என்று பக்கத்து வீட்டில் கேட்பதைவிட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

படி 2: ரிசல்ட்டுக்கு முன்பே சான்றிதழ்

எல்லையோரக் குடும்பங்கள் அதிகம் சறுக்குவது மார்க்கில் இல்லை, இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

தேவைப்படுபவை: சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் படிப்பவர் என்பதற்கான முதல் பட்டதாரி சான்று, வெளிமாநிலத்தில் படித்திருந்தால் நேட்டிவிட்டி எனப்படும் பிறப்பிடச் சான்று. இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று நகர வேண்டும். மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தேங்கிவிடும். மார்ச் கடைசியில், பரீட்சை முடிந்த கையோடு போட்டுவிடுங்கள்.

என்னென்ன கோளாறு வரும்?

முதலாவது, பெயர். கேரளாவில் எடுத்த ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். இங்கே பள்ளிச் சான்றில் முன்னால் இருக்கும். சிலருக்கு வீட்டுப் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்காலர்ஷிப் பணம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கில் விழும்போது இந்த வித்தியாசம் இடிக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதாரைத் திருத்திவிடுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்தப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும்.

இரண்டாவது, சாதிச் சான்று. அப்பா ரப்பர் தோட்ட வேலைக்குப் போய் குளத்துப்புழையிலோ புனலூரிலோ தங்கியபோது அங்கே வாங்கிய சான்று தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. இரண்டு மாநிலப் பட்டியலும் வேறு வேறு. சொந்த ஊர் தாசில்தாரிடம் புதிதாக வாங்க வேண்டும்.

மூன்றாவது, படித்த இடம். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்று தேவையில்லை. நடுவில் ஒரு வருஷம் ஆரியங்காவில் படித்திருந்தால்கூட அந்தச் சான்றைப் பதிவேற்ற வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை முழுவதும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வருஷம் விட்டாலும் கிடையாது. கிடைத்தவர்களுக்கோ கல்விக் கட்டணம், விடுதிச் செலவு இரண்டையும் அரசே ஏற்கிறது. 123 கட் ஆஃப் உள்ள பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்கூட்டியே "சீட் புக்" செய்துவிட்டால் அது போய்விடும். ஏப்ரலிலேயே வீடு தேடி வந்து அட்வான்ஸ் கேட்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

படி 3: அரசு கலைக் கல்லூரிக்கு எல்லோரும் விண்ணப்பியுங்கள்

இன்ஜினியரிங்தான் படிக்கப் போகிறேன், நர்சிங்தான் படிக்கப் போகிறேன் என்பவர்களும் விண்ணப்பியுங்கள். காரணம் எளிது: இதன் விண்ணப்பம் சீக்கிரமே திறந்து சீக்கிரமே மூடிவிடும். ரிசல்ட்டை ஒட்டி மே முதல் பாதியில் திறந்து அந்த மாதக் கடைசியிலேயே முடிந்துவிடுவது வழக்கம். தவறவிட்டால் மீதி இருக்கும் இடத்துக்குத்தான் ஓட வேண்டும்.

அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கைக்கான டிஎன்காசா (TNGASA) இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தில் 5 கல்லூரி வரை தேர்வு செய்யலாம். கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 2 ரூபாய் மட்டும்.

நம் பக்கத்தில் சுரண்டை காமராஜர் அரசு கலைக் கல்லூரி, கடையநல்லூர் அரசு கலை அறிவியல் கல்லூரி, பெண்களுக்கு ஆலங்குளம் அரசுக் கல்லூரி, திருநெல்வேலி ராணி அண்ணா கல்லூரி எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. குற்றாலம் பராசக்தி கல்லூரி போன்றவற்றின் விண்ணப்பம் தனி. நேரில் போய்க் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தையும் பெரிய பெயருள்ள பழைய கல்லூரிகளாகவே நிரப்புவதுதான் வழக்கமான தப்பு. ஆசைக்கு இரண்டு, பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் உள்ள புதிய கல்லூரி இரண்டு, கொஞ்சம் தள்ளி ஒன்று என்று போடுங்கள். புதிய அரசுக் கல்லூரிகளில் போட்டி பொதுவாகக் குறைவு. பட்டம் தருவது அதே பல்கலைக்கழகம்தான்.

பாடப்பிரிவிலும் பி.காம்., கணினி அறிவியல் என்று இரண்டோடு நிறுத்தாதீர்கள். தமிழில் 84 வைத்திருக்கும் பிள்ளை பி.ஏ. தமிழைக் கேவலமாக நினைத்து விட்டுவிட்டு, எட்டாத பி.காமுக்காகக் காத்திருப்பது வருஷா வருஷம் நடக்கிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். தமிழ்த் தகுதித் தாள் அங்கே கட்டாயம்.

கலந்தாய்வு கல்லூரியிலேயே நடக்கும். ரேங்க் பட்டியலில் பெயர் பின்னால் இருந்தாலும் அழைத்த நாளில் நேரில் போய் உட்காருங்கள். முன்னால் உள்ளவர்களில் பலர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டு வரமாட்டார்கள். வராத பிள்ளையின் இடம் அடுத்தவருக்குப் போகும்.

படி 4: இன்ஜினியரிங்கா, பாலிடெக்னிக்கா?

123 கட் ஆஃபுக்கு கவுன்சலிங்கில் சீட் கிடைக்கும். கிடைக்குமா என்பது கேள்வியில்லை, எந்தக் கல்லூரி என்பதுதான் கேள்வி. அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. தொடர்ந்து மூன்று நான்கு செமஸ்டர் பாருங்கள். பாதிப் பிள்ளைகள்கூடத் தேறாத கல்லூரியில் சேர்ந்தால் நாலு வருஷம் கழித்துக் கையில் மிஞ்சுவது அரியரும் கடனும்தான்.

கவுன்சலிங்கில் வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் பதியும் சாய்ஸ் ஃபில்லிங்கில் எண்ணிக்கை வரம்பு இல்லை. நடுத்தர கட் ஆஃப் உள்ளவர்கள் பத்து கல்லூரியோடு நிறுத்துவதால்தான் அந்தச் சுற்றில் எதுவும் கிடைக்காமல் போகிறது. 50, 60 என்று தாராளமாகப் போடுங்கள். ஆனால் உண்மையிலேயே சேரத் தயாராக உள்ள கல்லூரியை மட்டும் போடுங்கள். ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்து பணம் கட்டவில்லை என்றால் இடம் போய்விடும். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்கள் அரசு உதவி மையத்துக்குப் போகலாம், அங்கே இலவசம்.

கணிதத்தில் தட்டுத்தடுமாறி 40 வாங்கிய பிள்ளைக்கு நேராக பி.இ. வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பிளஸ் டூ முடித்தவர்களைப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ப்பார்கள். இரண்டே வருஷத்தில் டிப்ளமோ. அதன் பிறகு மனம் இருந்தால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு. கூட்டிப் பார்த்தால் நேராகப் போவதைவிட ஒரு வருஷம்தான் கூடுதல். நடுவில் நின்றாலும் கையில் ஒரு டிப்ளமோ இருக்கும். சங்கர் நகர் பாலிடெக்னிக் போன்ற பழைய கல்லூரிகளில் ஜூன் தொடக்கத்திலேயே விசாரியுங்கள்.

கையில் வேலை பழகப் பிடிக்கும் பிள்ளைக்கு ஐடிஐ. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டு வருஷம், வெல்டர் ஒரு வருஷம். தென்காசியிலும் திருநெல்வேலி பேட்டையிலும் அரசு ஐடிஐ உண்டு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள்.

படி 5: கேரளா போவதென்றால்

அங்கே தரமான கல்லூரிகள் இருக்கின்றன, சந்தேகமே வேண்டாம். புனலூர் எஸ்.என். கல்லூரி செங்கோட்டையிலிருந்து மலையிறங்கினால் வந்துவிடும். ஆனால் போவதற்கு முன் மூன்று விஷயத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்.

2024 முதல் கேரளாவில் நாலு வருஷப் பட்டம் வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம், நாலாம் ஆண்டும் படித்தால் ஹானர்ஸ். மொத்தச் செலவைக் கணக்குப் போடும்போது எது வேண்டும் என்று முதலிலேயே தீர்மானியுங்கள்.

அடுத்தது, தமிழ்வழிப் படிப்பு. தமிழ்நாடு அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பட்டம் தகுதியாக உள்ள பதவிக்குப் பட்டப்படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்த பிள்ளை ஆங்கிலவழிப் பட்டத்துக்கு மாறினால், அது கேரளாவானாலும் நெல்லையானாலும், அந்த முன்னுரிமை பட்ட அளவில் போய்விடும். அரசு வேலைதான் குறி என்றால் இது சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, இட ஒதுக்கீடு. இங்கே பிசி, எம்பிசி என்பது அங்கே பொதுப் பிரிவாக நிற்கும். அங்கே பொதுப்போட்டியில் 374 எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே பட்டம் படிக்க நினைப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி கல்லூரியிலும், பாலக்காடு பக்கம் சித்தூர் அரசுக் கல்லூரி, விக்டோரியா கல்லூரியிலும் தமிழ்த் துறை இருக்கிறது.

கேரள பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தப் பக்கம் வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அங்கே மொத்தம் 1200. இரண்டு ஆண்டு மார்க்கும் சேர்ந்த பட்டியலை வாங்கி வாருங்கள், கிரேடு மட்டும் போதாது. மைக்ரேஷன் சான்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். பின்னால் அதற்காகத் திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

படி 6: "பெங்களூரில் நர்சிங் சீட்" என்று ஆள் வந்தால்

பீடி சுற்றிச் சேர்த்த பணம் ஒரே கையெழுத்தில் போவது இங்கேதான். கேட்க வேண்டிய கேள்விகள் நாலுதான். கல்லூரியின் முழுப் பெயர் என்ன? எந்தப் பல்கலைக்கழக இணைப்பு? கர்நாடகத்தில் பி.எஸ்சி. நர்சிங் என்றால் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகப் பட்டியலில் பெயர் இருக்கிறதா? அந்த மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் கல்லூரிக்கு நேரில் போங்கள். பணத்தைக் கல்லூரிக் கணக்கில் கட்டுங்கள், ஆளின் கையில் வேண்டாம்.

"ஒரிஜினல் டிசியும் மார்க் ஷீட்டும் கொடுங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்றால் கொடுக்காதீர்கள். சேரும் நாளில் கல்லூரியில் காட்டிச் சரிபார்த்துவிட்டு ஒரிஜினல் மார்க் ஷீட்டைத் திருப்பி வாங்கிவிடுங்கள். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நிலைப்பாடு.

45 சதவீதம் எட்டாதவர்களுக்கு ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ இருக்கிறது. ஆங்கிலம் படித்து 40 சதவீதம் எடுத்திருந்தால் போதும், அறிவியல் பிரிவு கட்டாயமில்லை.

ஒரு பாடம் போனவர்களுக்கு

துணைத் தேர்வுக்கு ரிசல்ட் வந்த சில நாளிலேயே பள்ளியில் பதிவு செய்ய வேண்டும். எழுதித் தேறினால் அதே ஆண்டிலேயே கலைக் கல்லூரியின் மீதி இடங்கள், ஐடிஐ, இன்ஜினியரிங் துணைக் கலந்தாய்வு எல்லாம் திறந்திருக்கும். எங்கும் சேராமல் நிற்கும் பிள்ளைகளைத் தேடி மாவட்ட நிர்வாகம் நடத்தும் "உயர்வுக்குப் படி" முகாமுக்கும் போங்கள். அங்கேயே சேர்க்கை ஆணை வாங்கிய பிள்ளைகள் உண்டு. சந்தேகம் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

சேர்ந்த பிறகு

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பட்டம், டிப்ளமோ, ஐடிஐ எல்லாவற்றுக்கும் பொருந்தும். பணம் தானாக வராது. கல்லூரியில் இதற்கென ஒரு ஆசிரியர் பொறுப்பாக இருப்பார். சேர்ந்த முதல் வாரமே அவரைப் பார்த்து, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு எண்ணையும் பள்ளியில் கொடுத்த எமிஸ் (மாணவர் அடையாள) எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்துவிடுங்கள்.