நாய்க் காப்பகத்துக்குக் கட்டடம் கட்டக் காசு சேர்க்கிறது எப்பிடி

போன கார்த்திகை மழைக்கு எங்கட கிடுகுக் கொட்டில் ஒரு பக்கம் ஒழுகி நிலமெல்லாம் தண்ணி, பின்னங்கால் முறிஞ்ச கறுப்புப் பெட்டை ஒண்டு அந்தக் காலை இழுத்து இழுத்துத் தன்ர குட்டியளை ஒவ்வொண்டா வாயில கவ்விக்கொண்டு போய் அரிசிச் சாக்குக்கு மேல வச்சிது. அண்டைக்கு இரவுதான் கல்லுக் கட்டடம் ஒண்டு கட்டியே ஆகோணும் எண்டு முடிவெடுத்தம். யாழ்ப்பாணத்தில இதே வேலைக்கு வெளிக்கிடுற ஆக்களுக்கு நாங்கள் படிச்சதை எழுதுறன்.

காசு கேக்க முதல் பேப்பர் வேலை. பிரதேச செயலகத்தில அமைப்பைப் பதியுங்கோ (1980ம் ஆண்டு 31ம் இலக்கச் சட்டத்துக்குக் கீழதான் தன்னார்வ அமைப்புகளைப் பதியிறது), அமைப்பின்ர பேரில வங்கிக் கணக்குத் திறவுங்கோ, தலைவர் செயலாளர் பொருளாளர் மூண்டு பேரில ரெண்டு பேர் கையெழுத்து வச்சாத்தான் காசு எடுக்கலாம் எண்டு வையுங்கோ. ஆற்றையும் சொந்தக் கணக்கு நம்பரைப் போட்டுக் காசு கேக்கவே வேண்டாம், எவ்வளவு நல்ல மனுசரா இருந்தாலும் ஊர் கதைக்கும், கதை வந்தாப் பிறகு காசு வராது. காணி உறுதியும் அப்பிடித்தான், அமைப்பின்ர பேரில இருக்கோணும். வெளிநாட்டில இருக்கிற எத்தினையோ பேரின்ர வளவு இஞ்ச பத்தை பத்திக் கிடக்குது, ரெண்டு மூண்டு பரப்பைத் தருமமாவோ நீண்டகாலக் குத்தகைக்கோ கேட்டுப் பாருங்கோ, கேக்காமல் ஒண்டும் கிடைக்காது.

அடுத்தது பிளானும் எஸ்ரிமேற்றும், இதில நேரம் செலவழியுங்கோ. நாய்க் காப்பகம் எண்டா நாலு சுவரும் தகரமும் எண்டு நினைக்கிற மேசன்மார் இருக்கினம். அப்பிடியில்லை. நாய்க்குட்டியளுக்கு வருத்தம் குடுக்கிற பார்வோ வைரஸ் நிலத்தில மாசக்கணக்கில உயிரோட கிடக்கும், மண் தரையில ஒரு குட்டிக்கு வந்தா அடுத்து வாற குட்டிக்கும் வரும், அதால கழுவி பிளீச்சிங் போடக்கூடிய சீமெந்துத் தரை, தண்ணி வழிஞ்சோடச் சரிவு, புதுசா வாற நாயைத் தனிய வைக்க மற்றக் கூடுகளில இருந்து தள்ளி ஒரு அறை, இது மூண்டும் கட்டாயம் வேணும். பிறகு கழிவுத் தண்ணி. எங்கட மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு, ஊத்தினதெல்லாம் கெதியா நிலத்தடித் தண்ணிக்குப் போயிடும், பக்கத்து வீட்டுக் கிணறு பழுதாகும் எண்டு அயல்சனம் பயப்பிடுறது நியாயமான பயம். கசிவு விடாத குழி கட்டுற செலவையும் எஸ்ரிமேற்றுக்குள்ள போட்டு, அந்தப் பிளானோட நீங்களே அயல்வீடுகளுக்குப் போய்க் கதையுங்கோ. அவை எதிர்த்தா பிரதேச சபை அனுமதி இழுபடும்.

இனிக் காசு. "வாயில்லாச் சீவனுக்கு உதவுங்கோ" எண்டு முதல் பேஸ்புக்கில போட்டனாங்கள், ஐயோ பாவம் எண்டு நிறையப் பேர் எழுதிச்சினம், காசு பெரிசா வரேல்லை. பிறகு எஸ்ரிமேற்றைத் துண்டு துண்டாப் பிரிச்சுப் போட்டம்: ஒரு கூட்டுக்கு இவ்வளவு, ஒரு கதவுக்கு இவ்வளவு, ஒரு பாக் சீமெந்து இவ்வளவு எண்டு. அதுக்குப் பிறகுதான் வரத் தொடங்கினது. 40 லட்சம் எண்டு கேட்டாச் சனம் மலைச்சுப் போகும், ஆனா 2,500 ரூபாப்படி 1,600 பேர் தந்தா அதே 40 லட்சம்தானே.

எங்கட ஊரில ஏற்கெனவே இருக்கிற வழக்கத்தைப் பிடியுங்கோ. பிறந்தநாளுக்கும் 31ம் நாளுக்கும் திவசத்துக்கும் இல்லங்களுக்குச் சாப்பாடு குடுக்கிற சனம் நாங்கள், "அம்மாவின்ர நினைவா ஒரு கூடு கட்டித் தாங்கோவன், அம்மாவின்ர பேரைக் கதவில எழுதுறம்" எண்டு கேட்டா மனம் வந்து தருவினம். செத்தவீடு நடந்த கையோட மட்டும் போய்க் கேக்காதேங்கோ. வைரவர் கோயில் இல்லாத ஊர் இஞ்ச இல்லை, அவற்ற வாகனமே நாய்தான், கோயில் சபையோட கதைச்சு ஒரு பொங்கலண்டு உண்டியல் வைக்கக் கேளுங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டுக்காரர் ஊரில நிப்பினம், அவையைக் காப்பகத்துக்கே கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கோ, படம் பாக்கிறதுக்கும் நேர வந்து ஒரு குட்டியைத் தூக்கிறதுக்கும் நிறைய வித்தியாசம்.

கோஃபண்ட்மி மாதிரி இன்ரநெற்றில காசு சேர்க்கிற தளத்தில இலங்கையில இருந்து காசு எடுக்கேலாது. கனடாவிலயோ லண்டனிலயோ இருக்கிற நம்பிக்கையான ஒராள்தான் திறக்கோணும், தளம் பிடிக்கிற கட்டணத்தையும் நாணய மாற்றையும் முதலே கணக்குப் பாருங்கோ. பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம் எண்டு அங்க இருக்கிறவைக்குப் பிளான், எஸ்ரிமேற், பதிவுப் பத்திரம் மூண்டையும் ஒண்டா அனுப்புங்கோ.

"மனுசருக்கே வழியில்லை, நாய்க்குக் கட்டடமோ" எண்டு கட்டாயம் கேப்பினம். கோவப்படாதேங்கோ, சண்டை பிடிச்ச ஒராளும் காசு தந்ததா நான் காணேல்லை. கட்டாக்காலி நாயளுக்கு ஊசி போட்டுக் கருத்தடை செய்து வச்சுப் பராமரிக்க ஒரு இடம் இருந்தா றோட்டில குட்டியள் பெருகாது, பள்ளிக்கூடம் போற பிள்ளையளுக்கு விசர்நாய்க்கடிப் பயம் குறையும், இதைப் பொறுமையாச் சொல்லுங்கோ. யாழ்ப்பாண நூலகத்துக்கே களியாட்ட விழா வச்சுத்தான் காசு சேர்த்தவை, 1959ல திறந்தது, ஊர் கூடிக் கட்டுறது எங்களுக்குப் புதுசில்லை.

சாப்பாட்டு, மருந்துக் காசைக் கட்டடக் காசோட கலக்காதேங்கோ. முழுக்காசும் சேரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, ஆவணிக்குள்ள அத்திவாரக் காசு சேர்ந்தா மாரி முடிஞ்சு தையில அத்திவாரம் வெட்டலாம், சுவர் எழும்புறதைப் பாத்துத்தான் மிச்சப்பேர் தருவினம். ஒவ்வொரு ஞாயிறும் வந்த காசு, போன காசு, பில்லின்ர படம் எல்லாத்தையும் வட்ஸ்அப் குறூப்பில போடுங்கோ, 100 ரூபா தந்த பெடியனுக்கும் ரிசீட் எழுதிக் குடுங்கோ.