தலைமுடியில் பிசுக்கு: என்ன படிந்திருக்கிறது என்று பார்த்து எடுங்கள்

தலைக்குக் குளித்துக் காய்ந்த பிறகும் முடி கனமாகத் தொங்கும். சீப்புப் பற்களில் மெழுகு போல ஏதோ அப்பும். உச்சந்தலையை நகத்தால் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் வரும். பெரும்பாலும் இது பொடுகு அல்ல, படிவு. எண்ணெய், முடிக்குத் தடவும் சீரத்தில் உள்ள சிலிக்கோன், தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு மூன்றையும் ஒரே பொருள் எடுத்துவிடாது. அதனால் ஷாம்பூவை மாற்றும் முன் காரணத்தைப் பாருங்கள்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் போர் தண்ணீரில் குளிப்பவர்கள் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சோப்பைச் சீவி கால் ஸ்பூன் போட்டுக் குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்து அதே போலச் செய்யுங்கள். போர் தண்ணீரில் நுரை எழாமல் வெள்ளைத் திரிதிரியாக மிதந்தால் அது கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிசுக்காக மாறுகின்றன. குளியலறை டைல்ஸில் படியும் அதே பிசுக்குதான் முடியிலும் ஒட்டுகிறது. இந்தத் தண்ணீரில் தலைக்குக் கட்டி சோப்பு போடவே கூடாது. சீயக்காயில் அழுக்கெடுப்பது சபோனின் என்ற நுரைக்கும் பொருள். அது சோப்பைப் போலத் திரிவதில்லை. ஆனால் பொடியை மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திப்பி முடியில் தங்கிவிடும். கடலூர் சில்வர் பீச்சில் நனைந்து ஒட்டிய கடல் உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், நல்ல தண்ணீரில் அலசினாலே போய்விடும்.

சுண்ணாம்புப் படிவுக்கு, பொருட்பட்டியலில் இடிடிஏ (EDTA, கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் பொருள்) கொஞ்சம் முன்னாலேயே வரும் ஷாம்பூவாகப் பார்த்து வாங்குங்கள். கடைசியில் வந்தால் அளவு மிகக் குறைவு. தேய்த்து 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசுங்கள். பிறகு 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 1 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து முடியில் ஊற்றி, 1 நிமிடம் கழித்து, தனியாக எடுத்துவைத்த ஆர்.ஓ. தண்ணீரில் அலசுங்கள். இதை மாதம் 2 முறைக்கு மேல் செய்ய வேண்டாம். வினிகரைக் கலக்காமல் ஊற்றினால் தலைத்தோல் எரியும், புண் இருந்தால் தொடவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் கருத்துப் புண்ணாகலாம், நம் ஊர் வெயிலுக்கு வினிகரே மேல்.

சீரம், கண்டிஷனர் பாட்டிலில் டைமெத்திகோன் என்று இருந்தால் அது தண்ணீரில் கரையாத சிலிக்கோன். சீயக்காய்க்கு அது எளிதில் மசியாது. சல்பேட் உள்ள, கண்டிஷனர் கலக்காத சாதாரண ஷாம்பூ வேண்டும். தோள் வரை உள்ள முடிக்கு 10 மில்லி எடுத்து, அரை மக் தண்ணீரில் கரைத்து, நன்றாக நனைந்த தலையில் ஊற்றுங்கள். நகம் படாமல் விரல் நுனியால் 1 நிமிடம் தலைத்தோலை மட்டும் தேய்த்து அலசுங்கள். இரண்டாம் முறை 5 மில்லி போதும். அந்த நுரையை நுனி வரை இழுத்துவிடுங்கள். முதல் முறை நுரையே வராததைப் பார்த்து மேலும் மேலும் ஊற்றுவதால்தான் பலருக்கு முடி வறண்டு போகிறது. டை அடித்தவர்களுக்கும் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தவர்களுக்கும் மாதம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம், நிறம் சீக்கிரம் வெளுக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கென்றால், தலையை நனைக்கும் முன்பே சீயக்காய்க் கரைசலைக் காய்ந்த முடியில் தேய்த்து, பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். சமையல் சோடா வேண்டவே வேண்டாம். அதன் காரத்தன்மையில் முடியின் மேல் செதில்கள் தூக்கிக்கொண்டு சிக்கு விழும்.

மறுபடி படியாமல் இருக்க, கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும் தடவுங்கள். சீரம் இரண்டு சொட்டு போதும். நேற்றைய எண்ணெய் மேல் இன்றைய எண்ணெய் வேண்டாம். சீப்பை வாரம் ஒரு முறை ஷாம்பூ தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இவ்வளவு செய்தும் மஞ்சள் செதில், சிவப்பு, அரிப்பு இருந்தால் அது படிவு இல்லை, தோல் மருத்துவரைப் பாருங்கள்.